விளம்பரமா, கோர்ட்டுக் கட்டா, சொத்துப் பட்டியலா?

தங்கை மகள் அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறாள். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. கல்லூரியில் வரலாறும் ஒரு பாடம். போன மாசம் வாட்ஸாப்பில் கூப்பிட்டு, "மாமா, அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியா இருந்த காலத்து அடிமைகளையும் ஒப்பந்தக் கூலிகளையும் பத்திக் கட்டுரை எழுதணும். பத்து வாரம் டைம். ஒரே ஒரு வகை ஆவணத்தை எடுத்து அதையே குடைஞ்சு பார்க்கச் சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?" என்றாள்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. முப்பது வருஷம் சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். அவள் அந்தப் பாடத்தை எடுத்த நாளிலிருந்து அவளுக்காகப் படிக்கத் தொடங்கி, இப்போது அவளைவிட எனக்குத்தான் அந்தப் பித்து அதிகம். பழைய பத்திரம் கைக்கு வந்தால் நாங்கள் முதலில் நான்கெல்லையைப் பார்க்க மாட்டோம். எழுதிக் கொடுத்தது யார், எழுதி வாங்கியது யார், எழுதக் கூலி கொடுத்தது யார் என்றுதான் பார்ப்போம். கூலி கொடுத்தவனுக்கு வேண்டியதுதான் பத்திரத்தில் இருக்கும். அமெரிக்க ஆவணங்களையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் வேறு பிள்ளைகளும் இருக்கலாம்.

ஒப்பந்தக் கூலி என்றதும் நமக்கு நேட்டாலும் பிஜியும் ரியூனியனும்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் 19ஆம் நூற்றாண்டு. நான் சொல்வது அதற்கு 200 வருஷம் முந்தியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஏழைகள் கப்பல் கூலிக்கு ஈடாக நாலு முதல் ஏழு வருஷம் உழைப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த முறியை ஒரே தாளில் இரண்டு தடவை எழுதி, நடுவே பல் பல்லாக வளைத்து வெட்டி, ஆளுக்குப் பாதி கொடுப்பார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்க்கலாம். இந்த முறிக்கு ஆங்கிலத்தில் இண்டென்ச்சர் என்று பெயர், அந்தச் சொல்லே பல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். சுந்தரர் கல்யாணத்தில் கிழவர் நீட்டிய ஓலையைக் கிழித்துப் போட்ட பிறகும் மூலவோலை ஒன்று அவர் கையில் இருந்ததே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர் கையில் பாதித் தாள்கூடக் கிடையாது. இரண்டு கூட்டத்தையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஒருவருக்குக் கெடு உண்டு, மற்றவருக்கு இல்லை. பல ஆவணங்களில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருவரும் வருவதால் ஒரே மாதிரித் தோன்றும்.

சரி, எதை எடுப்பது?

எனக்குப் பிடித்தது ஓடிப்போனவர் விளம்பரம், அதாவது ஓடிப்போன அடிமையையோ கூலியாளையோ பிடித்துத் தரச் சொல்லி எஜமான் செய்தித்தாளில் கொடுப்பது. வர்ஜீனியா கெஜட் என்ற செய்தித்தாள் 1736இல் வில்லியம்ஸ்பர்கில் தொடங்கியது. அந்த நாளிலிருந்தே இந்த விளம்பரங்கள் வந்தன. மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிற ஆள் மாதிரி சின்ன மர அச்சு ஒன்று அச்சுக்கூடங்களில் தயாராக இருக்கும். ஆள் யாரானாலும் படம் அதேதான். படத்துக்குக் கீழே வரும் பத்து வரியில்தான் விஷயம்.

1769 செப்டம்பரில் தாமஸ் ஜெஃபர்சன் கொடுத்த விளம்பரத்தைப் பாருங்கள். ஓடிப்போனவர் பெயர் சாண்டி. வயது சுமார் 35, குள்ளம், கொஞ்சம் பருத்த உடம்பு, வெளிர் நிறம். தொழில் செருப்புத் தைப்பது, அதுவும் பெரும்பாலும் இடது கையால். முரட்டுத் தச்சு வேலையும் தெரியும், குதிரைச் சவாரியும் கொஞ்சம் வரும். குடிப்பான், குடித்தால் வாய் நீளும், தந்திரக்காரன். ஒரு வெள்ளைக் குதிரையையும் தன் செருப்புத் தைக்கும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், அதை வைத்து எங்காவது பிழைக்கப் பார்ப்பான். கவுண்டிக்குள் பிடித்துக் கொடுத்தால் 40 ஷில்லிங், காலனிக்குள் வேறெங்காவது என்றால் 4 பவுண்டு, வேறு காலனியில் என்றால் 10 பவுண்டு.

விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது ஜெஃபர்சன். திட்டியிருப்பதும் அவர்தான். ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே, அந்த அவசரத்தில் உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் அடையாளம் கொடுத்தால் நஷ்டம் அவருக்கே. அதனால்தான் இடது கை வந்திருக்கிறது. கருவிகளை மறக்காமல் எடுத்துப் போனதும் வந்திருக்கிறது. எங்கே போவது, எப்படிச் சோறு தின்பது என்று சாண்டி யோசித்து வைத்த திட்டம், அவரைப் பிடிக்கக் கொடுத்த விளம்பரத்திலேயே பதிவாகிவிட்டது. வேறு எந்த ஆவணத்திலும் எஜமான் தன்னை அறியாமல் இவ்வளவு உளறியிருக்க மாட்டான். சாண்டி பிடிபட்டார். 1773இல் ஜெஃபர்சன் அவரை 100 பவுண்டுக்கு விற்றார். அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் எல்லா மனிதரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனம் எழுதினார்.

இந்த விளம்பரங்களில் இன்னொரு வசதி, அடிமைகளும் ஒப்பந்தக் கூலிகளும் ஒரே பக்கத்தில் கிடைப்பார்கள். மவுண்ட் வெர்னான் என்ற தன் பண்ணையிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் 1761இல் நான்கு அடிமைகளுக்கு விளம்பரம் கொடுத்தார். 1775இல் தாமஸ் ஸ்பியர்ஸ், வில்லியம் வெப்ஸ்டர் என்ற இரண்டு வெள்ளைக் கூலியாட்களுக்குக் கொடுத்தார். ஸ்பியர்ஸ் பிரிஸ்டலில் பிறந்த தச்சர், வெப்ஸ்டர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த செங்கல் அறுப்பவர். கூலியாளுக்குக் குடும்பப் பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு. அடிமைகளுக்கு வெறும் பெயர், அதுவும் எஜமான் வைத்தது. ஒரே எஜமான், ஒரே தோட்டம், ஒரே மாதிரி விளம்பரம். வித்தியாசத்தை எடுத்துக் காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கஷ்டம்.

ஒரு கிளைக்கதை. 1776 ஜூலையில், பிரகடனத்தின் மை காயாத அதே மாசத்தில், வர்ஜீனியா கெஜட்டில் ஒரு விளம்பரம் வந்தது. ஓடிப்போன வேலையாள் தன் பெயர் ஜான் நியூட்டன் என்று சொல்லிக்கொள்கிறவர், வயது 20 இருக்கும், பிறப்பால் ஆசிய இந்தியர். இங்கிலாந்தில் சர் சார்ல்ஸ் விட்வொர்த் என்பவரிடம் பத்து வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்வாராம், வர்ஜீனியாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அப்படியானால் பத்து வயதுக்குள்ளேயே கப்பலேற்றி அனுப்பப்பட்ட பிள்ளை. வங்காளமா, நம் சோழமண்டலக் கரையா, யார் கண்டார்கள். தங்கை மகளுக்கு இதை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "மாமா, நாங்கதான் இங்க முதல்ல வந்தோம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று வந்தது. 1635லேயே வர்ஜீனியா நிலப் பதிவில் டோனி என்ற கிழக்கிந்தியர் ஒருவர் வருகிறார் என்பதை அடுத்த நாள் சொன்னேன்.

குறை இல்லாமல் இல்லை. அமெரிக்கக் காலனிகளில் தொடர்ந்து வந்த முதல் செய்தித்தாளே 1704இல்தான், பாஸ்டனில். 17ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்த வழி அடைப்பு. ஓடியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் எத்தனை மைல் ஓட முடியும்? காசு கொடுத்துத் தேடத் தகுந்தவர் என்று எஜமான் நினைத்தவருக்குத்தான் விளம்பரமே வரும். முக்கியமாக, ஓடாமல் இருந்துவிட்ட ஆயிரமாயிரம் பேர் இதில் இல்லவே இல்லை. ஆனால் பத்து வாரத்தில் முடிக்க வேண்டிய மாணவிக்கு இதில் பெரிய சௌகரியம் இருக்கிறது. வர்ஜீனியா விளம்பரங்கள் மட்டும் 4000க்கு மேல், கவுண்டி வாரியாகத் தேடும்படி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகம் தொடங்கிய இன்னொரு தரவுத்தளம் மற்ற மாகாணங்களையும் சேர்த்துக்கொண்டே போகிறது.

அடுத்தது கோர்ட்டுக் கட்டு. 17ஆம் நூற்றாண்டுக்கு இதுதான் தாய்ப் பத்திரம். விளம்பரத்தில் எஜமான் மட்டும்தான் பேசுவான், இங்கே சில சமயம் அடிமையே பேசுவார். பேசினதைக் குமாஸ்தா எழுதி வைத்திருப்பார்.

வர்ஜீனியாவின் கிழக்குக் கரையில் நார்த்தாம்ப்டன் கவுண்டி இருக்கிறது. 1632 முதல் ஒரு வருஷம்கூட விடாமல் அதன் கோர்ட்டுப் பதிவுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அதில் 1645இல் அந்தோனி என்ற கறுப்பர் ஒருவர் சோளக்கொல்லையைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு சொன்னது பதிவாகியிருக்கிறது: இப்போது என் நிலம் எதுவென்று எனக்குத் தெரியும், நினைத்தபோது உழைப்பேன், நினைத்தபோது விளையாடுவேன். 1621இல் அங்கே கொண்டுவரப்பட்டு, பிறகு விடுதலையாகி, 1651இல் 250 ஏக்கர் பட்டா வாங்கிய அந்தோனி ஜான்சன்தான் இவர் என்பது பலருடைய கணிப்பு. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அந்தக் கட்டு முழுவதையும் படிப்பேன்.

கதை அதோடு முடியவில்லை. 1655இல் இதே ஜான்சன் ஜான் கேசர் என்பவரை மீட்டுத் தரச் சொல்லி வழக்குப் போட்டார். தான் ஏழெட்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவன், ஜான்சன் கெடு தாண்டியும் ஏழு வருஷம் பிடித்து வைத்திருந்தார் என்றார் கேசர். ஆயுசுக்கும் என் ஆள் என்றார் ஜான்சன். கோர்ட்டு ஜான்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கூலியாளா அடிமையா என்ற எல்லைக்கல் அப்போது இன்னும் ஊன்றப்படவில்லை. கோர்ட்டுப் பதிவுகளைப் படித்தால் அது ஒவ்வொரு வழக்காக ஊன்றப்படுவதைப் பார்க்கலாம். 1640இல் ஹியூ க்வின் என்பவரிடமிருந்து மூன்று பேர் சேர்ந்து மேரிலாந்துக்கு ஓடிப் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற கறுப்பர். மூவருக்கும் முப்பது சவுக்கடி. வெள்ளையர் இருவருக்கும் நாலு வருஷம் கூடுதல் சேவகம், ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. ஒரே குற்றத்துக்கு, ஒரே நாளில் வந்த தீர்ப்பு.

எலிசபெத் கீ வழக்கும் இங்கேதான் வருகிறது. அப்பா ஆங்கிலேயர், அம்மா ஆப்பிரிக்கர். கெடு முடிந்தும் விடவில்லை என்று நார்த்தம்பர்லாண்ட் கவுண்டியில் வழக்காடி 1656இல் விடுதலை வாங்கினார். வழக்கை நடத்திய வில்லியம் கிரின்ஸ்டெட்டையே கல்யாணமும் செய்துகொண்டார். ஆறு வருஷம் கழித்து, 1662இல், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று வர்ஜீனியா சட்டம் போட்டது. அப்பா வழியாகக் கேட்டு வாங்கும் கதவை அடைத்துவிட்டார்கள். 1667இல் ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்று இன்னொரு கதவையும் அடைத்தார்கள்.

ஒப்பந்தக் கூலிகளுக்குக் கோர்ட்டுக் கட்டில் இன்னும் அதிகம் கிடைக்கும். சோறு போடவில்லை, அடிக்கிறார், கெடு முடிந்தும் விடவில்லை என்று அவர்களே மனுப் போடலாம். மறுபுறம், ஓடிப் பிடிபட்டால் தண்டனை வருஷக் கணக்கில் ஏறும். மேரிலாந்தில் 1661 சட்டப்படி ஓடின ஒரு நாளுக்குப் பத்து நாள். பத்து நாள் தலைமறைவானால் நூறு நாள் கூடுதல் வேலை. கூலிப் பெண் பிள்ளை பெற்றால் அதற்கும் கெடு நீளும். ஏற்கெனவே வாங்கின கடனில் வட்டி ஏற்றுகிற சாமர்த்தியம்தான், வேறென்ன.

அப்புறம் ஒரு சின்னப் பதிவு. 1680 சட்டப்படி, கப்பலில் வந்த ஆப்பிரிக்கப் பிள்ளைகளைக் கோர்ட்டில் நிறுத்தி வயதை முடிவு செய்ய வேண்டும், வரி போடுவதற்காக. நீதிபதிகள் பார்த்து ஒரு வயதைச் சொல்வார்கள், குமாஸ்தா எழுதிக்கொள்வார். எஜமான் பெயர், பிள்ளையின் புதுப் பெயர், வயது, ஒரே வரி. அந்த வரியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தாயிடமிருந்து பிரிந்து வந்த, பாஷை புரியாத ஒரு பிள்ளை, முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் நிற்கிறது.

இந்த வழியின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவின் பொது நீதிமன்றப் பதிவுகளில் பெரும் பகுதி 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் நகரம் எரிந்தபோது போய்விட்டது. ஜான் பஞ்ச் வழக்கு போன்றவை படியெடுத்த குறிப்புகளாகத்தான் நமக்குக் கிடைக்கின்றன. மிஞ்சியவற்றில் பலவும் கையெழுத்தில் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டுக் குமாஸ்தாவின் எழுத்து நம் பழைய கிராமக் கணக்கர் எழுத்துக்கு அண்ணன். பழகவே ஒரு மாசம் பிடிக்கும். இன்னும் பெரிய தடை, 1705 வாக்கில் அடிமைச் சட்டங்கள் கெட்டிப்பட்ட பிறகு வெள்ளையருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்ல முடியாது. 18ஆம் நூற்றாண்டுக் கட்டுகளில் அடிமையின் குரல் குற்றவாளிக் கூண்டிலிருந்துதான் கேட்கும். ஆக, 1700க்கு முன் என்றால் கோர்ட்டு, 1736க்குப் பின் என்றால் விளம்பரம் என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நடுவே உள்ள முப்பது சொச்சம் வருஷம் கஷ்டகாலம்தான்.

சொத்துப் பட்டியல்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை, தொழில்முறையில் எனக்கு மிகப் பழக்கமானது இதுவாக இருந்தும். எஜமான் செத்ததும் வாரிசுகளுக்காக நாலு பேர் வீடு வீடாக, கொட்டில் கொட்டிலாகப் போய் மதிப்புப் போடுவார்கள். கட்டில், பித்தளைப் பானை, பசு, மனிதர். ஒப்பந்தக் கூலியாளுக்கு எத்தனை வருஷம் பாக்கி என்று எழுதி அதற்கேற்ற விலை, அடிமைக்கு உடம்பைப் பார்த்து விலை. உழைக்க முடியாத கிழவிக்கு விலை சுழி. ஒரு மனிதரைப் பற்றி மூன்றே விஷயம் தெரியும்: பெயர், விலை, எந்தப் பண்ணையில் இருந்தார். பெயரும் அவருடையதா? 1727இல் ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் பண்ணையார் தன் ஆளுக்கு எழுதிய கடிதத்தில், புதிதாக வந்தவர்களுக்குத் தானே பெயர் வைத்ததையும், அவர்கள் அதற்குப் பதில் சொல்லப் பழகும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டதையும் சொல்கிறார். பட்டியலில் நாம் படிப்பது அந்தப் பெயரைத்தான்.

ஆனாலும் ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டுமானால் பட்டியல் இல்லாமல் முடியாது. 1732இல் கார்ட்டர் செத்தபோது எடுத்த பட்டியலில் நூற்றுக்கணக்கான அடிமைகள் வருகிறார்கள், குடும்பம் குடும்பமாக. பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும், அதாவது விளம்பரத்தில் வராத அத்தனை பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரே பண்ணைக்கு இருபது வருஷ இடைவெளியில் இரண்டு பட்டியல் கிடைத்தால் எடுங்கள். ஒற்றைப் பட்டியலை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினால் அது விலைவாசி அட்டவணையாக முடியும்.

கப்பல் பதிவுகளுக்கு ஒரு பத்தி போதும். அட்லாண்டிக் அடிமைக் கப்பல்களின் இணையத் தரவுத்தளத்தில் 36,000 பயணங்களுக்கு மேல் இருக்கின்றன. கப்பலேறியவர் சுமார் 1.25 கோடி, உயிரோடு இறங்கியவர் சுமார் 1.07 கோடி, அதில் நேராக வட அமெரிக்கப் பெருநிலத்துக்கு வந்தவர் ஏறக்குறைய 3,88,000. கணக்குப் போட அற்புதம், ஆளைத் தேட உதவாது. காலனிக்கு வந்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை. ஒப்பந்தக் கூலிகள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். 1654 முதல் 1686 வரை பிரிஸ்டல் நகரம் வைத்திருந்த பதிவேட்டில் 10,000 பேருக்கு மேல் பெயரோடு இருக்கிறார்கள். எந்தக் காலனிக்கு, யாரிடம், எத்தனை வருஷம் என்பதும் இருக்கிறது. 1718க்குப் பிறகு கூலியாட்களாக அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்ட சுமார் 50,000 கைதிகளில் லண்டன்காரர்களின் விசாரணைகளை ஓல்ட் பெய்லி என்ற லண்டன் கோர்ட்டின் பதிவுகளில் வரிக்கு வரி படிக்கலாம். ஒரு ஜோடி காலுறை திருடியவர்கள்கூட அதில் உண்டு. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுகிற கட்டுரைக்கு இந்த வழியை எடுத்தால் தராசு ஒரு பக்கமே சாயும். ஒரு பக்கம் பெயர்கள், மறு பக்கம் எண்ணிக்கை.

தன் கையால் எழுதிய கடிதங்கள்தானே மேல் என்று தங்கை மகள் கேட்டாள். கேட்கத்தான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

1623இல் வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் என்ற இடத்திலிருந்து ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற கூலி இளைஞன் அப்பா அம்மாவுக்கு எழுதினான். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும் தவிர எதையும் பார்க்கவில்லை, இங்கே ஒரு வாரத்தில் கிடைப்பதைவிட வீட்டில் ஒரு நாளில் அதிகம் சாப்பிட்டேன், என்னை மீட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். அடுத்த வருஷம் எடுத்த கணக்கில் அவன் பெயர் செத்தவர்கள் வரிசையில் இருக்கிறது. 1756இல் மேரிலாந்திலிருந்து எலிசபெத் ஸ்பிரிக்ஸ் அப்பாவுக்கு எழுதினாள். சோளமும் உப்பும்தான் சாப்பாடு, காலில் செருப்பில்லை, கம்பளியைச் சுற்றிக்கொண்டு தரையில் படுக்கை, கட்டி வைத்து அடிக்கிறார்கள். கூடவே, இங்கே பல நீக்ரோக்களைக்கூட இதைவிட நன்றாக நடத்துகிறார்கள் என்கிறாள். அந்த வரியை அப்படியே மேற்கோள் காட்டி வெள்ளைக்காரர்களும் அடிமைகள்தான் என்று வாதாடுகிறவர்கள் இணையத்தில் நிறைய. அப்பாவின் மனம் இளக வேண்டும் என்று எழுதிய கடிதம் அது. மனு எழுதித் தரச் சொல்லி வந்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டார்கள், ஆனால் தராசுத் தட்டில் விரலை வைப்பார்கள்.

அடிமைகள் எழுதியது மிகக் குறைவு. கிடைத்ததில் என்னை உறைய வைத்தது 1723இல் வர்ஜீனியாவிலிருந்து லண்டன் பிஷப்புக்குப் போன மனு. பெயர் போடவில்லை. போட்டால் தூக்குமரத்தில் தொங்க வேண்டியிருக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற கலப்பினத்தவர், இந்தக் கொடிய கட்டிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்கிறார்கள். அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒருவனுக்கு ஒருவன் அடிமை, அக்கா தங்கைக்குள்ளும் அப்படியே என்று எழுதிவிட்டு, நானே என் சகோதரனுக்கு அடிமை, ஆனால் என் பெயர் ரகசியம் என்கிறார் எழுதியவர். 1662 சட்டம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்தது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

ஆனால் இவற்றை அடித்தளமாக வைத்துக் கட்டுரை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவு. எல்லோரும் ஏற்கெனவே எழுதித் தீர்த்தவை. அடிமையாக இருந்து விடுதலையானவர்களின் புத்தகமாக வந்த வாழ்க்கை வரலாறுகளில் வேறு சிக்கல் உண்டு. 1798இல் வந்த வெஞ்ச்சர் ஸ்மித்தின் கதை அவர் சொல்ல இன்னொருவர் எழுதியது. 1789இல் தன் வரலாற்றை வெளியிட்ட ஈக்வியானோ தான் ஆப்பிரிக்காவில் பிறந்ததாகச் சொல்கிறார். 1759 ஞானஸ்நானப் பதிவோ தென் கரோலினா என்கிறது. அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படியம்மா, ஆனால் அதன்மேல் வீடு கட்டாதே என்றேன்.

எலும்புகள் மிச்சம். யாரும் கூலி கொடுத்து எழுத வைக்காத ஆவணம் இது ஒன்றுதான். 1991இல் நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஆப்பிரிக்கர் இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். மேரிலாந்தில் லீவி நெக் என்ற இடத்தில் 1660கள் வாக்கிலான ஒரு வீட்டின் நிலவறைக் குப்பைக்கு அடியில் ஒரு பையனின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது 15, 16 இருக்கும். முதுகுத்தண்டு பாரம் சுமந்து நைந்திருந்தது. மணிக்கட்டில் முறிவு, அடியைத் தடுத்தபோது வந்ததைப் போல. அவன்மேல் உடைந்த பால் சட்டி ஒன்று கிடந்தது, குழி தோண்டியதே அதனால்தான் என்கிறார்கள். வேலையாட்களை யாருக்கும் தெரியாமல் புதைக்கக் கூடாது என்று பக்கத்து வர்ஜீனியா 1662இல் சட்டமே போட்டிருக்கிறது. எங்கெல்லாம் நடந்திருந்தால் சட்டம் போடும் அளவுக்குப் போயிருக்கும்! ஆனால் இது ஆய்வுக்கூடமும் நிபுணர்களும் வேண்டிய வேலை. ஒரு மாணவி அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் முடியும். தோண்டியெடுத்த பாசிமணி, பொத்தான், உடைந்த ஓடுகளை வைத்து எழுத ஆசை என்றால் ஜெஃபர்சனின் பண்ணையாக இருந்த மான்டிசெல்லோவில் நடத்தும் தொல்லியல் தரவுத்தளம் இணையத்தில் திறந்தே கிடக்கிறது.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்க மாமா, எதைன்னு சொல்லலையே" என்றாள்.

விளம்பரத்தை எடு என்றேன். நிறைய எடுக்காதே. நூறு விளம்பரத்தை எண்ணி இத்தனை சதவீதம் ஆண்கள், இத்தனை பேர் தச்சர்கள் என்று அட்டவணை போடாதே, அதை மற்றவர்கள் செய்துவிட்டார்கள். ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்து, அதில் வரும் ஆளை வேறு தாள்களில் தேடு. வில்லங்கம் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் போ. உன் வீட்டுப் பக்கத்திலேயே வாஷிங்டனின் பண்ணை இருந்தது, அவர் எதையும் எழுதி வைக்காமல் விடாத ஆள், எல்லாத் தாளும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. வசதியான ஊரில் இருக்கிறாய். ஒன்றை மட்டும் கட்டுரையிலேயே ஒத்துக்கொள்: இவ்வளவு காகிதம் உள்ள எஜமானின் ஆட்களைத்தான் இப்படித் தேட முடியும். நூறு ஏக்கர்க்காரனிடம் இருந்த ஒற்றை அடிமைக்கு இந்த வழி இல்லை.

அவள் 1761 விளம்பரத்தை எடுத்துக்கொண்டாள். ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, மவுண்ட் வெர்னானைச் சேர்ந்த டோக் ரன் பண்ணையிலிருந்து நான்கு பேர் போய்விட்டார்கள். பெரோஸ், ஜாக், நெப்டியூன், க்யூபிட். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, சண்டை சச்சரவு இல்லை, சந்தேகமே வரவில்லை என்று வாஷிங்டன் மூக்கின்மேல் விரல் வைக்கிறார். ஜாக்குக்குக் கன்னங்களில் அவர் நாட்டுக் கீறல்கள். நெப்டியூனுக்குக் கூராக ராவிய பற்கள், தோளிலிருந்து இடுப்புவரை முதுகில் புள்ளிப் புள்ளியாகத் தழும்புகள். நெப்டியூனும் க்யூபிடும் 1759 ஆகஸ்டில் ஆப்பிரிக்கக் கப்பலிலிருந்து வாங்கப்பட்டவர்கள், அவர்கள் பேசும் அரைகுறை ஆங்கிலம் கேட்பவருக்குப் புரியாது. ஜாக் அவர்கள் நாட்டுக்காரர், பல வருஷமாக இங்கே இருப்பவர், ஆங்கிலம் தெரியும். ஆக, பாஷை தெரிந்தவரும் வழி தெரிந்தவரும் புதியவர் இருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு ஒரு படம் அனுப்பினாள். வாஷிங்டனின் நாட்குறிப்பு, 1760 ஜனவரி 28. புது நீக்ரோ க்யூபிட் டோக் ரன்னில் மார்புச்சளி கண்டு கிடக்கக் கண்டேன், நன்றாகப் பார்த்துக்கொள்ள வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தேன் என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து எழுதிய குறிப்பில், இன்று முழுக்க மோசம், ராத்திரி படுக்கப் போகும்போது இன்னும் சில மணி நேரம்தான் தாங்குவான் என்று நினைத்தேன் என்கிறார். கப்பலிலிருந்து இறங்கி ஆறு மாசம் ஆகவில்லை, முதல் குளிர்காலம்.

உடனே விளம்பரத்தை மறுபடி திறந்து க்யூபிடின் பத்தியைப் பார்த்தேன். வயது 23 அல்லது 25, வட்ட முகம், முன்பற்கள் அகலம், முகத்தில் பரு. உடுத்தியிருந்த வேலை உடுப்பையும் ஒரு பழைய முரட்டுத் துணிக் கோட்டையும் கொண்டு போயிருக்கிறான். வேறு அடையாளம் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தது.